கடைசி இரண்டு இலக்கங்கள்

இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கடன் வசூல் அதிகாரி அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறினார். வெளியே பகல் மூன்று மணி வெயில். படிக்கட்டில் மட்டும் பொழுது சாய்ந்தது போல் மங்கல்.

அலுவலகத்தில் அவருக்குச் "சர்க்கரை" என்று பட்டப்பெயர். மிரட்டும்போதும் நலம் விசாரிப்பது போலிருக்கும் குரல்.

கதவு திறந்தே கிடந்தது. இறந்துபோன தையல்காரியின் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இதய நோயாளி. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பது போல இழுத்துக்கொண்டிருந்தார். மருந்து நெடியோடு இயந்திர எண்ணெயின் வாசமும் கலந்து வந்தது.

"அவதான் போயிட்டாளே சார். இன்னும் என்ன?"

"ஒரே ஒரு நகல். அப்புறம் ஒரு கையெழுத்து. அம்மாவோட கடனை நீங்க ஏத்துக்கிட்டா வேலை முடிஞ்சுது."

இரண்டு மாதம் முன்பு இதே அறையில்தான் அந்தப் பெண் தன் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டையை அதிகாரி முன் நீட்டினாள்.

"கடைசி ரெண்டு எண்ணைப் பாருங்க சார். என்னோடது நாற்பத்தேழு. உங்க காகிதத்துல எழுபத்துநாலு. அந்தக் கடனை வாங்கினது வேற யாரோ."

அவர் பார்த்தார். அவள் சொன்னது உண்மை. ஆனால் மாதக் கடைசி. இலக்கை எட்ட ஒரு கணக்கு குறைந்தது. "திருத்தம் கேட்டு எழுதிப் போடுங்கம்மா" என்று கனிவாகச் சொன்னவர், அலுவலகம் திரும்பி, "எண் நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று பதிந்துவிட்டார். அதோடு முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கடன் அவளுடைய கடன் அறிக்கையில் ஏறிக்கொண்டது. கணவரின் அறுவை சிகிச்சைக்குக் கடன் தருவதாகச் சொன்ன வங்கி கையை விரித்தது. அவள் சீருடை தைத்துக்கொடுத்த பள்ளிக்கும் அவரே போன் போட்டு, அவள் கடனை அடைக்காதவள் என்று சொன்னார். பள்ளி வேலையை நிறுத்தியது. வங்கிக்கு ஐந்தாவது முறை போன அன்று, அதன் வாசற்படியிலேயே விழுந்து செத்தாள்.

கணவர் நகலை எடுத்துக் கொடுத்து, கையெழுத்தும் போட்டார்.

அப்போது உள்ளறையில் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

"உள்ள யாரு?"

"யாருமில்லையே." கணவரின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "உங்களுக்கும் கேக்குதா? எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்."

அதிகாரி உள்ளறைத் திரையை விலக்கினார். சத்தம் நின்றது.

ஆளில்லை. துணியில்லை. ஊசியில் மட்டும் வெள்ளை நூல் கோத்திருந்தது. சக்கரத்தைத் தொட்டார்.

சூடாக இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அலுவலக மேஜையிலேயே கண்ணயர்ந்தவர், இடது முன்கை எரிய விழித்தார். தோலில் வெள்ளை நூலில் இரண்டு எண்கள். நெருக்கமான, நேரான தையல்.

"யாருங்க இப்படித் தைச்சது?" அன்று மாலை வீட்டில் அவர் மனைவி கையைப் பிடித்துப் பார்த்துக் கேட்டாள்.

"தெரியல. தைக்கும்போது வலிக்கவே இல்ல."

அவள் கத்தரியை வைத்து வெட்டிப் பார்த்தாள். தோல் கிழிந்தது, நூல் அறவில்லை. மருத்துவர் இடுக்கியால் இழுத்தார். நூல் வந்துகொண்டே இருந்தது. முழம் முழமாக வந்தது. அது வர வர அவர் விரல்கள் ஒவ்வொன்றாக உள்நோக்கி மடங்கின. மருத்துவர் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டார்.

தினமும் இரண்டு எண்கள். தூங்காமல் இருக்கப் பார்த்தார். கண் சிமிட்டும் நேரம் போதுமாயிருந்தது.

ஆறாம் நாள் பன்னிரண்டு இலக்கங்களும் நிறைந்தன. கடைசி இரண்டு, எழுபத்துநாலு.

அந்த எண்ணை அவருக்குத் தெரியும்.

விழுந்தடித்து மேலாளரிடம் ஓடினார். "அந்தத் தையல்கார அம்மா கணக்கு தப்பு சார். தெரிஞ்சேதான் பதிஞ்சேன். தயவுசெஞ்சு திருத்துங்க."

மேலாளர் கணினியைத் தட்டினார். ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த அம்மா? கடன் வாங்கினது நீங்கன்னுல்ல இருக்கு. உங்க எண், உங்க பேரு, உங்க கையெழுத்து. வசூல் பண்ற எடத்துலயே கடனை மறைச்சிருக்கீங்க. நாளையிலேருந்து வராதீங்க."

சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்தார். அதிலும் அதே பன்னிரண்டு எண்கள்.

மன்னிப்புக் கேட்க அந்த மூன்றாம் மாடிக்கு ஓடினார். பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்தாள்.

"அவரும் முந்தாநாள் போயிட்டார். நேத்து வங்கிக் கடிதம் வந்துது. அந்தம்மா பேர்ல இருந்த கடன் கறை நீங்கிடுச்சாம், ஆபரேஷனுக்குக் கடன் தர்றாங்களாம்." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "அந்தக் கடிதம் ரெண்டு நாள் முன்னாடி வரக்கூடாதா?"

பூட்டிய கதவுக்குப் பின்னால் இயந்திரம் மெல்ல ஓடியது. பிறகு நின்றது.

அதன்பின் இயந்திரச் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. புதுத் தையல் எதுவும் விழவில்லை. இதோடு முடிந்தது, உழைத்து அடைத்துவிடலாம் என்று அவரும் மனைவியும் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் காலையில் வாசலில் ஒரு பெண் நின்றாள். அவர் இடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்தவள். தேன் ஒழுகும் குரல்.

"மூணு தவணை பாக்கி அண்ணா. எப்ப கட்டறீங்க?"

"அந்தக் கடன் என்னுது இல்லம்மா."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். அவர் கையையும் பார்த்தாள். "எண் சரியாத்தானே இருக்கு?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

உள்ளறையிலிருந்து அவருடைய ஆறு வயது மகளின் குரல் கேட்டது. மனைவி அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். உள்ளே குழந்தையைத் தவிர வேறு யாருமில்லை.

"அப்பா, இந்த அத்தை என்னை அசையாம நிக்கச் சொல்றாங்க. அளவெடுக்கணுமாம்."