ஒரே பெயரில் இரண்டு

அப்டேட் முடிந்து லேப்டாப் மறுபடி எழுந்தபோது, வீட்டு வைஃபை அவளை உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடித்தாள். இந்தப் பெயரில் ஒரு கருவி ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்றது திரை. “நான்தான்டா அது” என்று அதனிடம் சொல்லிவிட்டு மறுபடி அடித்தாள். பதில் மாறவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் அவள். பிள்ளைகள்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், அவர்களுடைய அம்மாக்கள் பொறுக்கமாட்டார்கள். வைஃபையை அணைத்துப் போட்டாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். ரௌட்டரின் வயரைப் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகினாள். ஊதுவதால் என்ன பயன் என்று கணவன் ஒவ்வொரு முறையும் கேலி செய்வான். அவன் வெளியூர் போயிருந்தான்.

மழைக்கு முந்தைய இருட்டு ஜன்னல் வழியாக வந்து சாப்பாட்டு மேசையை மூடிக்கொண்டிருக்க, சூடேறிய ரௌட்டரிலிருந்து தூசி கருகும் வாசனை மெல்ல எழ, சமையலறைக் குழாய் விட்டுவிட்டுச் சொட்டும் சத்தமும் ஃபிரிட்ஜின் முனகலும் சேர்ந்து வீட்டையே ஏதோ மூச்சு விடுவதுபோல் ஆக்கியிருந்தன. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. மத்தியானம் படுத்த மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. விளக்கைப் போட்டதாக அவளுக்கு நினைவில்லை.

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு நெட் கம்பெனிக்குக் கூப்பிட்டாள்.

“உங்க வீட்டு ரௌட்டரைத்தான் பாத்துட்டிருக்கேன் மேடம்,” என்றான் நெட்காரன். நாள் முழுக்க இதையே பேசிப் பேசிச் சலித்த குரல். “ஒரு டிவி, ரெண்டு போனு. அப்புறம் ‘டீச்சரம்மா’ன்னு ஒரு லேப்டாப்.”

“அது என்னோடதுதான். என் வீட்டுக்காரர் வெச்ச பேரு.”

“அது நல்லாத்தானே ஓடிட்டிருக்கு? வீடியோ கால் போகுது.”

“இல்ல தம்பி, இங்க ஒண்ணுமே வரலை.”

விசைகளைத் தட்டும் சத்தம். “அட, ஆமா மேடம். டீச்சரம்மான்னே இன்னொண்ணும் இருக்கு. வாசல்லயே நின்னு கதவைத் தட்டிட்டிருக்கு. ஒரே பேரு, ஒரே நம்பர். ரெண்டையும் உள்ள விடாது.”

யாரோ பக்கத்து வீட்டுக்காரர் திருட்டுத்தனமாக நுழைந்திருப்பார் என்று அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவனை இணைப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாக்களின் குழுவைத் திறந்தாள். மன்னிக்கவும், இன்று வகுப்பு சற்றுத் தாமதமாகும் என்று எழுதிப் போட்டாள்.

உடனே ஒரு பையனின் அம்மா பதில் எழுதினாள். ‘என்ன மிஸ், கிளாஸ் நடந்துட்டுத்தானே இருக்கு? நடுவுல ஒருதடவை கட் ஆச்சு, இப்ப சரியாயிடுச்சு.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அதற்குள் இன்னொரு அம்மா. ‘பாப்பா உங்க மடியில உக்காந்திருந்தா எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல மிஸ். சமத்தா இருக்கா.’

தலையைத் திருப்பிப் படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். குழாய்ச் சத்தத்துக்கு அடியில், ஃபிரிட்ஜின் முனகலுக்கு அடியில், இத்தனை நேரமும் அங்கே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது இப்போதுதான் காதில் பிரிந்து கேட்டது. பெண் குரல். பொறுமையாக, ஒவ்வொரு வரியின் முடிவிலும் “புரியுதா கண்ணா?” என்று கேட்டது. அவள் அப்படித்தான் கேட்பாள்.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். பெற்ற பிள்ளை உள்ளே இருக்கிறது. ஆனால் கால் அசையவில்லை. அவ்வளவு பயம்.

“மேடம், இருக்கீங்களா?” என்றான் நெட்காரன். “ரெண்டுல ஒண்ணைத் தூக்கிடவா?”

“தூக்குங்க.” குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. “என் குழந்தை உள்ள இருக்கா. சீக்கிரம்.”

“எதை மேடம்? பழசையா, புதுசா வந்ததையா?”

“புதுசா வந்ததை. அது யாருன்னே தெரியலை. அதை வெளிய தள்ளுங்க.”

“தூக்கிட்டா மறுபடி இந்த வீட்டுக்குள்ள வராது. பரவாயில்லையா?”

“வரக் கூடாது.”

“சரி மேடம்.”

திரை அணைந்தது.

குழாய்ச் சத்தம் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. கருகல் வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. கைபேசியைக் காதில் வைத்தாள். ஒன்றுமில்லை.

நெட்காரனின் குரல் படுக்கையறைக்குள்ளிருந்து கேட்டது.

“ஆச்சு மேடம். இனிமே தொந்தரவு இருக்காது. அந்த லேப்டாப் இப்பத்தான் அப்டேட் ஆயிருக்கு போல. அப்டேட் ஆனா ரௌட்டர் அதைப் புது மெஷின்னுதான் நெனைச்சுக்கும்.”

“ரொம்ப நன்றி தம்பி,” என்றது அவள் குரல்.

இப்போது கால் அசைந்தது. ஓடினாள். கதவைத் தள்ளினாள். கனத்தது. உடம்பு மொத்தத்தையும் கொடுத்துத் தள்ளினாள். ஒரு சாண் திறந்தது.

மேசை விளக்கின் வெளிச்சத்தில் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதே நைட்டி. அதே அள்ளிமுடிந்த கொண்டை. மடியில் மகள்.

அவள் மகளைக் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை.

மகள் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். “அம்மா, கதவு தானா தொறக்குது.”

“காத்தா இருக்கும்டா,” என்றாள் மடியில் வைத்திருந்தவள், திரும்பாமல். “போய்ச் சாத்திட்டு வா.”

குழந்தை இறங்கி ஓடிவந்தது. நேராக அவளைப் பார்த்தது. அவளைத் தாண்டி, பின்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தது. இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துத் தள்ளியது.

அவளுடைய விரல்கள் நிலையைப் பற்றியிருந்தன. நான்கு விரல்களும் உள்பக்கம். கதவு அவற்றின் மேல் வந்து, நிற்காமல், முழுவதும் மூடிக்கொண்டது.

வலிக்கவே இல்லை.