பன்னிரண்டு பித்தளைக் குமிழ்கள்

"யாருங்க இதையெல்லாம் பிடுங்கினது?"

செம்மொழி கத்திய கத்தலில் மதகுமேல் நின்ற கொக்குகூடப் பறந்துவிட்டது. ஒரத்தநாட்டுப் பக்கத்து அந்தக் கிழட்டு அணையின் விரிசல்களை ஒட்டி, மூன்று வருடம் முன்பு அவள் குழு பதித்த பன்னிரண்டு பித்தளைக் குமிழ்கள்... ஒன்றுகூட இல்லை! அவற்றின் இடைவெளியை அளந்துதான், கான்கிரீட் எவ்வளவு உப்புகிறது என்று கம்ப்யூட்டரில் மாடல் போடுகிறாள். இந்த வருட அளவு இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் மாடலை நிராகரித்துவிடுவார்கள். அத்தனை உழைப்பும் அம்போ.

"நான்தாங்க" என்றான் ஷட்டர் இயக்குகிறவன்.

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"பேரே அறிவுச்செல்வன்தாங்க..."

அவளுக்கு அழுகைதான் வந்தது. "ஷட்டரைத் தூக்க மட்டும்தானே தெரியும்! போங்க!"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறுவென்று ஷட்டர் அறைக்குள் போய்விட்டான்.

மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவன் இருந்த ஷட்டர் அறைக்குள்ளேயே ஒதுங்கினாள். உடம்பெல்லாம் அசதி. பஸ், வெயில், லேப்டாப்... முப்பத்திமூன்று வயதில் இவ்வளவுதானா? அலுப்போடு சாய்ந்தவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். சாக்பீஸில் வரிசையாக வருடங்கள். பக்கத்தில் எண்கள்.

"இது... என்னங்க?"

"அஞ்சாம் ஷட்டர்ப் பலகை சிக்கும்ங்க. வருசாவருசம் தண்ணி வர்றதுக்கு முன்னாடி அரம் போட்டு ஓரத்தை ராவுவேன். எத்தனை மில்லிமீட்டர்னு எழுதி வெச்சிருக்கேன்." அவன் திரும்பவே இல்லை. "ஷட்டரைத் தூக்க மட்டும்தானே தெரியும் எனக்கு."

சுருக்கென்றது அவளுக்கு. ஒன்பது வருடம்! கான்கிரீட் உப்பி உப்பிப் பலகையை நெரித்தது அத்தனையும் சுவரில் இருக்கிறதே... அவசரமாக லேப்டாப்பில் தட்டினாள். மாடலின் கோடு அவன் எண்களை ஒட்டியே ஏறியது. மாடல் பிழைத்துவிட்டது! கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க. தப்பாப் பேசிட்டேன்... ஆனா ஏங்க பிடுங்கினீங்க?"

அவன் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினான். பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன.

"பதிச்ச அன்னிக்கு நான் லீவுங்க. யாரோ அடிச்ச ஆணின்னு நெனச்சேன். போன தடவை நீங்க வந்தப்ப, அதுல துப்பட்டா மாட்டிக் கிழிஞ்சுதே... தூரத்துலேருந்து பாத்தேன், அதைத்தான் அளக்கறீங்கன்னு தெரியல. கிட்ட வர தைரியம் இல்ல. மறுபடி கிழியக் கூடாதுன்னுதான்..."

கிழிந்ததை அவளே மறந்துபோயிருந்தாள். முதல்முறையாக அவன் கண்களைப் பார்த்தாள். சன்னல் சாரலில் நனைந்த இமைகள்... பொய்யே தெரியாத கண்கள்.

"திரும்பப் பதிக்கணும். மாசாமாசம் வருவேன்."

"வருசத்துக்கு ஒரு தடவைதானே வருவீங்க?"

"அது கான்கிரீட்டுக்கு" என்றாள். "மாசாமாசம் வர்றது உங்களைப் பாக்க."

அவள் பிடிக்க வேண்டிய நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் எழுந்திருக்கவில்லை.