பட்டறிவுப் பொதி

பல் துலக்கி முடிப்பதற்குள் திருஞானம் வீணை வாசிக்கக் கற்றுக்கொண்டார். வாய் கொப்பளிக்கும்போதே அதில் சலிப்பும் வந்துவிட்டது. போன வாரம் ஜப்பானிய மொழி, அதற்கு முந்தைய வாரம் கண் அறுவை சிகிச்சை. அவர் இதுவரை ஒரு வீணையையோ ஒரு ஜப்பானியரையோ நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். நல்லவேளையாகக் கண் நோயாளிகள் யாரும் அவரைத் தேடி வரவில்லை.

செவ்வாயின் வடதுருவத்தில், ஒரு மாபெரும் கண்ணாடிக் கவிகைக்கு அடியில் இருந்த அந்தக் குடியேற்றத்தில் இதெல்லாம் அன்றாட நடப்பு. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் ஒரு திறன்சில்லு பதித்திருப்பார்கள். வேண்டிய திறமையை அதில் இறக்கிக்கொண்டால் போதும், உடம்பு தானாகவே செய்துவிடும். பள்ளிக்கூடங்களுக்கு வேலை இல்லாமல் போய், அந்தக் கட்டடங்களெல்லாம் கல்யாண மண்டபங்களாகிவிட்டன.

அவர் மனைவி மங்கையர்க்கரசியின் சில்லில் மட்டும் இடம் இல்லை. பூமியில் இருக்கும் சொந்தபந்தங்கள் தினந்தோறும் அனுப்பிய காலை வணக்கப் படங்கள் அதை நிறைத்திருந்தன. ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி, சூரியோதயம், மறுபடியும் ரோஜாப்பூ. அழிக்கலாம்தான். ஆனால் ஒன்றை அழித்தாலும், இன்னார் அழித்துவிட்டார் என்று அனுப்பியவருக்கு உடனே தகவல் போய்விடும். திருநெல்வேலியில் ஒரு நாத்தனாரின் மனம் புண்பட்டால், அது செவ்வாய்க்கு வந்து சேர அரைமணி நேரம்கூட ஆகாது. ஆகவே அவள் எதையும் அழிக்கவில்லை, எதையும் கற்கவும் இல்லை.

இதன் பலனை அவள் ஆண்டுதோறும் பனித்திருநாளில் அனுபவித்தாள். அன்று குடியேற்றமே திரண்டு, பனிப்பலகைகளில் ஏறி, வடசரிவில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை சறுக்கிப் போகும். மங்கையர்க்கரசி உச்சியில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வாள். கடைசியில் அவற்றோடு சேர்ந்து மின்தூக்கியில் இறங்கி வருவாள். நல்ல மனசு என்று ஊரே பாராட்டியது. அவளுக்கோ வயிறு எரிந்தது. இந்த முறை எல்லோரோடும் சறுக்கி இறங்கியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

“நானே கத்துக்கப் போறேன்,” என்றாள் கணவரிடம்.

“எதை வெச்சு?”

“உடம்ப வெச்சுத்தான்.”

திருஞானம் மருத்துவரைக் கூப்பிடலாமா என்று யோசித்தார்.

சரிவின் வாசலில் அவளுக்கு ஒரு தலைக்கவசம் கொடுத்தார்கள். அது அவளுடைய தசை, நரம்பு, எண்ணம் எல்லாவற்றையும் பாதுகாப்புக்காகப் பதிவு செய்யும் என்று தொடங்கி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தது. அது இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவள் “சம்மதம்” என்று சொல்லிவிட்டாள். மனித இனம் எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான் சொல்லி வருகிறது.

இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பக்கவாட்டாகக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படிப்பட்ட காரியம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. குதிகாலில் பாரத்தைக் கொடுத்தால் பின்பக்கம் விழுந்தாள். விரல்களில் கொடுத்தால் முகம் குப்புற விழுந்தாள். எதிலும் கொடுக்காவிட்டால் எந்தப் பக்கம் விழுவதென்று பலகையே தீர்மானித்தது. செவ்வாயில் ஈர்ப்பு குறைவு, ஆதலால் விழுவதும் மெதுவாகத்தான் நடக்கும். தரையைத் தொடுவதற்குள் தாராளமாக வெட்கப்பட்டு முடித்துவிடலாம். வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் அது சௌகரியம்.

ஆனால் யாரும் பார்க்கவில்லை. ஒரு விஷயம் தெரியாமல் நாலுபேர் முன்னால் தடுமாறுவது அங்கே அநாகரிகம். அந்த வழியாகப் போன பெற்றோர்கள் குழந்தைகளின் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து வீட்டு ஹெப்சிபா, உடம்புக்கு ஏதாவது பெரிய வியாதியா என்று ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனாள். பனியைச் சமன் செய்யும் எந்திரம் ஒன்று மட்டும் மங்கையர்க்கரசியின் பின்னாலேயே வந்து, அவள் விழுந்த குழிகளை மூடிக்கொண்டிருந்தது.

“அம்மா, சற்றுத் தள்ளி விழ இயலுமா? இந்தப் பகுதியை இப்போதுதான் சரி செய்தேன்,” என்று ஒருநாள் அது மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டது.

ஒரு மாலை, சரிவின் ஓரத்து விளக்குக் கம்பத்தில் போய் மோதினாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. பனியில் கிடந்தபடியே, கவசத்துக்குள் விம்மி விம்மி அழுதாள். வலிக்காக இல்லை. இத்தனை வருஷமாக எல்லாவற்றிலும் ஒதுங்கியே நின்றுவிட்டோமே என்று அழுதாள். வீட்டில் கேட்டபோது கண்ணில் பனித்தூள் விழுந்துவிட்டது என்றாள். திருஞானம் அப்போது சதுரங்கம் இறக்கிக்கொண்டிருந்தார். சரி என்றார்.

அந்த இரவு படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. கம்பத்தில் மோதிவிடுவோமோ என்ற பயத்தில் அவள் கம்பத்தையேதான் பார்த்திருக்கிறாள். கண் போன இடத்துக்குத்தான் பலகையும் போயிருக்கிறது. மறுநாள் கம்பத்தை விட்டுவிட்டு, தூரத்துச் சரிவைப் பார்த்தாள். முழங்காலை மடக்கி, பாரத்தைக் குதிகாலிலிருந்து மெல்ல விரல்களுக்கு மாற்றினாள். பலகை சொன்னபடி கேட்டுத் திரும்பியது. இன்னொரு முறை மாற்றினாள், அந்தப் பக்கமும் திரும்பியது. நின்று திரும்பிப் பார்த்தபோது, பனியில் ஒரு வளைந்த சுவடு கிடந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது அவளுக்கு யாரும் அனுப்பியது அல்ல. எந்திரம் அதை மூட வந்தபோது, கொஞ்சம் பொறு என்று கெஞ்சினாள்.

பனித்திருநாளும் வந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு பெருமையோடு உச்சிக்குப் போன மங்கையர்க்கரசி திகைத்து நின்றாள். கூட்டமே இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது. ஹெப்சிபா முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். பார்த்தவர்களெல்லாம் தாங்கள் பட்ட பாட்டைப் பற்றியே பேசினார்கள். கஷ்டப்பட்டுக் கற்றால்தான் அருமை தெரியும் என்று ஒருவர் சொல்ல, பெருமூச்சோடு பத்துப் பேர் தலையாட்டினார்கள்.

விஷயம் இதுதான். நோகாமல் வந்த திறமைகள் மக்களுக்கு அலுத்துவிட்டன என்பதைத் திறமை விற்கும் நிறுவனம் மோப்பம் பிடித்துவிட்டது. போன வாரம்தான் ‘பட்டறிவுப் பொதி’ என்று ஒன்றை வெளியிட்டிருந்தது. கற்றுக்குட்டி ஒருவர் விழுந்து எழுந்த அத்தனை அனுபவமும் வலியோடு அதில் இருந்தது. பால் பொங்கும் நேரத்தில் இறக்கிவிடலாம். யாருடைய தலைக்கவசத்திலிருந்து அது எடுக்கப்பட்டது என்று எங்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மங்கையர்க்கரசி சறுக்கி இறங்கினாள். விழாமல், அழகாக, அடிவாரம் வரை இறங்கினாள். அவளைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள் அதே வளைவில், அதே முழங்கால் மடக்கோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹெப்சிபா மட்டும் அருகே வந்து, “ஒங்களுது பழைய பதிப்பாக்கா? தோள் கொஞ்சம் தூக்குதே,” என்று பரிவோடு கேட்டாள்.

மாலையில் பாராட்டு விழா. தமிழர்கள் எந்தக் கோளுக்குப் போனாலும் பொன்னாடை முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். உழைப்பால் உயர்ந்தவர்கள் வரிசையில் முதலில் திருஞானத்தை மேடைக்கு அழைத்தார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“அந்த வெளக்குக் கம்பத்துல மோதி விழுந்தேன் பாருங்க, அன்னிக்குக் கவசத்துக்குள்ளயே அழுதேங்க. வலிக்காக இல்ல. இத்தன வருஷமா ஒதுங்கியே நின்னுட்டோமேன்னு.”

அவர் கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர் வழிந்தது. அரங்கத்தில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். அவர்களும் அதே கம்பத்தில் மோதி அழுதவர்கள்தானே.

மங்கையர்க்கரசி யாரிடமும் சொல்லாத அழுகை அது. எழுந்து மேடையேறி, கணவர் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினாள். மனைவியும் நாலு வார்த்தை பேசப் போகிறார் என்று அமைப்பாளர்கள் மகிழ்ந்தார்கள்.

“அந்த எடத்துல அழுதது நாந்தாங்க. இவரு இல்ல.”

யாராவது ஒருவருக்காவது உறைக்கும் என்று அவள் அந்த முகங்களைப் பார்த்தபடி நின்றாள். திருஞானம் நெகிழ்ந்துபோய் அவள் தோளில் கைபோட்டு, ஒலிபெருக்கியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா? என் வலியத் தன் வலியாவே நெனைக்கிறா.”

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிறந்த துணைவி என்று சொல்லி அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், சற்றுச் சின்னதாக.