வெள்ளிக்கிழமைத் தோட்டா

டுமீல்!

கனடாவின் ஸ்ரௌவ்வில்லில் அந்தப் புத்தம் புது வீடு ஒருமுறை குலுங்கி அடங்கியது.

நிலத்தடி பேஸ்மன்றில் வினோதன் மல்லாந்து கிடந்தான். வலது கண் இருந்த இடத்தில்... வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும் இருப்பீர்கள்!

பக்கத்தில் மான் சுடும் றைபிள். மேசை நிறைய அவன் வீட்டிலேயே மருந்து அடைத்த தோட்டாக்கள்.

டிடெக்டிவ் கஜனி வந்தபோது மணி மூன்றே கால். எதிரே வினோதனின் மனைவி நிலாணி. அவள் கழுத்தில் பழைய நீலத் தழும்பு.

"என்னக்கா நடந்தது?"

"ஒரு மாசமா அவற்றை தோட்டா வெடிக்கேல்லை, தங்கச்சி. பத்துக்கு நாலு 'டிக்' எண்டிட்டு நிண்டிடும். பிழை பாக்கிறன் எண்டு இண்டைக்கும் விசையை அமத்தினவர். டிக்! குழலைத் திருப்பி உள்ளுக்குப் பாத்தார்... பிந்தி வெடிச்சிட்டுது."

"ஏன் வெடிக்கேல்லையாம்?"

"சனிக்கிழமை எண்ணெய் வைச்சுக்கொண்டு இருந்து அடைப்பார். கையைக் கழுவுங்கோ எண்டு நூறுதரம் சொன்னனான்!"

கஜனிக்குச் சிரிப்பு வந்தது. தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிறைமரில் எண்ணெய் பட்டால் பற்றாது. சிலவேளை பிந்திப் பற்றும். முழுக்குக்கு நல்லெண்ணெய் வைத்தபடி தோட்டா அடைக்க நம்மவர்களால்தான் முடியும்!

விபத்து. கேஸ் முடிந்தது!

நிலாணி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"மூண்டரைக்கு மகள் ஸ்கூல் பஸ்ஸிலை வருவாள். என்னை விட்டா அவளுக்கு ஆருமில்லை."

கஜனி எழுந்தாள். தோட்டாப் பெட்டிகளைப் பார்த்தாள்.

நின்றாள்!

ஒவ்வொரு பெட்டியிலும் வினோதனின் கையெழுத்தில் ஒரு சீட்டு. 'வெள்ளிக்கிழமை அடைத்தது.'

"ஆம்பிளையளுக்குச் சனி முழுக்கு. வெள்ளி ஆருக்கு, அக்கா?"

நிலாணியின் முகம் வெளுத்தது.

"...பொம்பிளையளுக்கு."

"அப்ப பிறைமரிலை எண்ணெய் தடவினது நீங்கள்! ஆளை முடிக்கவோ?"

"இல்லை... நான் சாகாமல் இருக்க! குடிச்சா உந்த றைபிளைத்தான் என்ரை நெஞ்சிலை வைப்பார்."

"பொலிசுக்குப் போன் அடிச்சிருக்கலாமே?"

"ரெண்டுதரம் அடிச்சனான். வந்தவர் அவரோடை மான் வேட்டை கதைச்சிட்டுப் போனவர்."

கஜனியின் பேனா நின்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இண்டைக்கு என்ரை நெஞ்சிலை வைச்சு உண்மையாவே அமத்தினவர், தங்கச்சி. டிக்! நான் சிரிச்சிட்டன். ரோசத்திலை குழலைத் திருப்பி உள்ளுக்குப் பாத்தார். டிக் எண்டா அரை நிமிசம் பொறு, குழலைப் பாராதை எண்டு எனக்குச் சொல்லித் தந்ததே உந்த மனிசன்தான்!"

வெளியே ஸ்கூல் பஸ் வந்து நின்றது.

நிலாணி இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினாள்!

கஜனி எழுதினாள். 'காரணம்: கையில் எண்ணெய்.' யாருடைய கை என்று எழுதவில்லை.

"போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறகு..."

"பிறகு?"

"இனி வெள்ளிக்கிழமையிலை தலையோடை கையையும் சேத்து சீயாக்காய் போட்டுக் கழுவுங்கோ, அக்கா!"