தூணருகே நின்றவர்

ஆனைமலைச் சாலைத் தேடுநிலையத்தின் காட்சியறையில் அன்று இருந்தவர்கள் நால்வர். குடும்பத் தலைவர் வெள்ளியங்கிரி, அவருடைய தங்கை தங்கமணி, வெள்ளியங்கிரியின் மகன் செந்தூரன், நிலைய அலுவலர் ஷம்ஷாத். வெள்ளியங்கிரியின் அக்கா மயிலாத்தாள் அங்கே இல்லை. முந்தின நாள் காலை கோயிலுக்கென்று கிளம்பியவர் வீடு திரும்பவில்லை. கொஞ்ச காலமாகவே அவருக்கு நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. பெயரைக் கேட்டால் சொல்வார். ஊரைக் கேட்டால் யோசிப்பார். மலையடிவாரத்தில் மழை பிடித்திருந்தது.

"முகக்குறி கிடைச்சுட்டா போதும், ஐயா. மாவட்டம் முழுக்கத் தெருக்கண்கள் இருக்கு. உங்க அக்கா எந்த மரத்தடியில ஒதுங்கியிருந்தாலும் தேடுவலை காட்டிடும்" என்றார் ஷம்ஷாத்.

முகக்குறியைக் குடும்பக் காட்சியகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அட்டையும் ஒளிப்படமும் வழக்கொழிந்துவிட்ட காலம் அது. ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் இருக்கும் வீட்டுக்கண் எல்லாவற்றையும் பதியும். ஆனால் சேமிக்க இடம் வேண்டுமே. குடும்பத்துக்கு இவ்வளவு இடம் என்று அரசு அளந்து கொடுத்திருந்தது. அதற்குள் தலைமுறைகள் அடங்க வேண்டும். அடக்கிக் கொடுக்கும் இயந்திரத்துக்குச் செறிப்பி என்று பெயர். அன்றன்றைய பதிவைச் சுருக்கிவிட்டு மூலத்தை அது அழித்துவிடும். இடம் நிரம்பும்போது பழைய பதிவுகளையும் மறுபடி சுருக்கும்.

வெள்ளியங்கிரியின் கல்யாணத்தை ஷம்ஷாத் திரையில் ஓடவிட்டார். காட்சியகத்தில் அதைவிடத் தெளிவான பதிவு வேறு இல்லை. மணவறை பளிச்சென்று இருந்தது. பட்டின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது.

"உங்க அக்கா எங்கே நிக்கறாங்க?"

"மணவறையில இல்லீங்க" என்றார் தங்கமணி. "மாப்பிள்ளைக்கு உடன்பொறந்தவ பக்கத்துல நின்னு இணைச்சீர் செய்யோணும். மூத்தவ அவதான். ஆனா அப்பவே எங்க மாமன், அக்கா வீட்டுக்காரர், தவறிட்டாருங்க. அதனால சீருக்கு நான் நின்னேன். அக்கா பின்னாடி, அந்தத் தூணுக்கிட்ட."

ஷம்ஷாத் தூணைப் பெரிதாக்கினார். சாம்பல் நிறப் புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். முகத்தை இன்னும் பெரிதாக்கினார்.

தங்கமணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது நானில்லீங்களே! நான் அண்ணங்கூட மணவறையில நிக்கறேன், பாருங்க!"

திரையில் இரண்டு தங்கமணிகள் இருந்தார்கள். ஒருத்தி பட்டுடுத்தி மணவறையில் நின்றாள். மற்றவள் தூணருகே நின்றாள். இருவருக்கும் ஒரே மூக்குத்தி.

"செறிப்பி ஓட்டும்போது தரத்தை எங்கே வெச்சீங்க?" என்று ஷம்ஷாத் கேட்டார்.

செந்தூரன் அப்பாவைப் பார்த்தான். பிறகு அவனே சொன்னான். "மணவறைக்கு உச்சத்துல. மத்ததுக்கு அடியில."

"அதான் விஷயம். தரம் குறைஞ்ச இடத்துல செறிப்பி முகத்தைத் தனியா எழுதாது. அதே குடும்பத்துல சாயல் ஒத்த முகம் ஒண்ணு தெளிவா இருந்தா, 'அதேதான் இதுவும்'னு ஒரு குறிப்பு மட்டும் போட்டுட்டு இடத்தை மிச்சம் பிடிக்கும். திரும்ப ஓட்டும்போது அந்த முகத்தையே இங்கேயும் ஒட்டிடும்."

"பழசை மறுபடி சுருக்கினப்பவே கேட்டனே, அப்பா" என்றான் செந்தூரன். "தூணுக்கிட்ட பெரியத்தை நிக்கறாங்களே, கொஞ்சம் ஏத்தி வெக்கலாமான்னு."

"ஏத்தியிருந்தா சீர் மங்கியிருக்கும்" என்றார் வெள்ளியங்கிரி. "நாளைக்கு எவனும் வந்து இந்தக் குடும்பத்துல சீர் சரியா நடக்கலைன்னு சொல்லக் கூடாது. நான் செஞ்சது முறைதான்."

"முறைதானுங்க அண்ணா. பந்தல்ல கட்டின வாழைத்தார்ல எத்தனை சீப்புன்னு எண்ணிரலாம். எங்கக்கா மூக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியல."

வெள்ளியங்கிரி தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்றப் பதிவுகளையும் பார்த்தார்கள். காதுகுத்து, புதுமனை, செந்தூரன் கல்யாணம். எல்லா விசேஷத்திலும் மயிலாத்தாள் ஒரு தூணையோ கதவையோ ஒட்டியே நின்றிருந்தார். எல்லாவற்றிலும் தங்கமணியின் முகம்தான் இருந்தது. அன்றாடப் பதிவில் கொல்லைப்புறம் வந்தது. அங்கே மயிலாத்தாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அசையாததைச் செறிப்பி ஒரு தடவைதான் எழுதும். அசைவதை மட்டுமே திரும்பத் திரும்ப எழுதும். அவர் உட்கார்ந்தால் அசையமாட்டார். ஆகவே முகமும் தோளும் சுண்ணாம்புச் சுவரோடு கரைந்துபோயிருந்தன. கைகள் மட்டும் அசைந்ததால் கைகள் மட்டும் இருந்தன. விரல் நுனியில் ஒட்டிய தோல்கூடத் தெரிந்தது.

"இது அவ கைதானுங்க" என்றார் தங்கமணி. "இதை வெச்சுத் தேட முடியாதுங்களா?"

"தெருக்கண்கள் கம்பத்து மேல இருக்கும்மா. முகத்துக்குத்தான் பழக்கியிருக்கு."

பிறகு ஷம்ஷாத் நாற்காலியை வெள்ளியங்கிரியின் பக்கம் திருப்பினார். "ஒரு வழி இருக்கு, ஐயா. 'உருவமிலி'ன்னு அறிவிச்சுடலாம். அப்ப இயந்திரம் தேடாது, ஆள் தேடும். தெருத் தெருவா ஆள் போய்க் கேப்பாங்க. மெதுவாத்தான் நடக்கும், ஆனா நடக்கும்."

"அறிவிப்புல என்ன போடுவீங்க?"

"சட்டப்படி உள்ளதைப் போடணும். பேரு, ஊரு, குடும்பத் தலைவர் பேரு. அப்புறம், இவருடைய முகம் குடும்பத்தாரிடம் இல்லைன்னு ஒரு வரி."

"எங்கே ஒட்டுவீங்க?"

"எல்லா ஊர்லயும்."

வெள்ளியங்கிரி எழுந்து நின்றார். "கூடப்பொறந்தவ முகம் இல்லாத வீடுன்னு சந்தையில தட்டி வெக்கப் போறீங்களா? என் பேருக்குக் கீழே அந்த வரி வராதுங்க. திரையில ஒரு முகம் இருக்குதில்ல? அதை வெச்சுத் தேடுங்க."

"அண்ணா, அது என் முகமுங்க!"

"அக்கா தங்கச்சி. சாயல் ஒண்ணுதானே? கிடைப்பா."

"ஐயா, யோசிச்சுச் செய்யுங்க" என்றார் ஷம்ஷாத். "இதுதான் அவங்கன்னு குடும்பத் தலைவர் உறுதி சொல்லிட்டா, தேடுவலை அதைத்தான் நம்பும். அப்புறம் நான் சொல்றது எடுபடாது."

"அப்பா, வேண்டாம். தட்டியே வெக்கட்டும். யார் என்ன சொல்லிரப் போறாங்க?"

"நீ பேசாதே."

வெள்ளியங்கிரி உறுதிப்பலகையில் உள்ளங்கையை வைத்தார். "இது என் அக்கா மயிலாத்தாள்" என்றார்.

தேடுவலை மூச்சுவிடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அறையின் கூரையில் இருந்த கண்ணில் பச்சை ஒளி எரிந்தது. திரையில் எழுத்து வந்தது: மயிலாத்தாள் கிடைத்துவிட்டார். இடம், ஆனைமலைச் சாலைத் தேடுநிலையம், காட்சியறை. உடன் இருப்பவர், தம்பி. உடல்நிலை நன்று. தேடல் முடிந்தது.

தங்கமணி கூரையைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள் எல்லாம் பதிவாகிவிட்டது.

"திரும்பத் தொடங்குங்க" என்று கத்தினான் செந்தூரன்.

ஷம்ஷாத் முயன்றார். காணாமல் போனவர் என்று எழுதினால், கண்ணெதிரே இருப்பவரைக் காணவில்லை என்று எழுத இயலாது என்று இயந்திரம் மறுத்தது. உருவமிலி என்று எழுதினால், இவருக்கு உறுதிசெய்யப்பட்ட முகம் உண்டு என்று மறுத்தது. உறுதியை விலக்கிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று செந்தூரன் கேட்டான். இருக்கிறது, ஆனால் உறுதி சொன்னவர் பொய் சொன்னதாக அவரே ஒப்ப வேண்டும், அதைச் சந்தையில் வாசிப்பார்கள் என்றார் ஷம்ஷாத். இருவரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கல்யாணம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சீர் குறையில்லாமல் நடந்தது.

மழை விடவில்லை. தங்கமணி குடையை எடுத்துக்கொண்டு தானே தேடப் போனார். பேருந்து நிலையம், பூக்கடை, கோயில் மண்டபம் என்று ஒவ்வோர் இடமாக அக்காவைக் கேட்டு அலைந்தார். அவர் நின்ற ஒவ்வோர் இடத்திலும், மயிலாத்தாள் நலமாக நடமாடுகிறார் என்று தேடுவலை எழுதிக்கொண்டது. சோர்ந்து வீடு திரும்பி அக்காவின் கட்டிலில் அவர் விழுந்தபோது, மயிலாத்தாள் வீடு சேர்ந்தார் என்றும் எழுதியது. அதன்பின் செந்தூரன் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் அந்த ஒரு வரியே பதிலாக வந்தது.

வெள்ளியங்கிரி தன் விதவை அக்காவை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அவரை யாரும் துரத்தவில்லை. அந்த வீட்டில் அவருக்குக் காற்றோட்டமான தனி அறை உண்டு. பதிவுப்படி அவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்.