சிட்டுவின் ஜெபத்துக்கு ஓர் ஆமென்

வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: வாலு. சீருடைப் பாவாடை குட்டையாகிவிட்டதால், மடிப்பைப் பிரித்துத் தைக்க மாடிவீட்டுத் தையல்கார அக்காவிடம் போயிருந்தாள்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாங்களேன். சிட்டுவையும் கூட்டிட்டு வாங்க."

அக்கா மிஷினை நிறுத்தினார். சிட்டு அவருடைய ஏழு வயது மகன். அவனுக்குப் பேச வராது. சந்தோஷம் வந்தால் மட்டும் "ஓ!" என்று வீடே அதிரக் கத்துவான்.

"நாங்க எதுக்கும்மா? இவன் கத்துனா எல்லாரும் முறைப்பாங்க. எத்தனை இடத்துல பாதியில எழுந்து வந்திருக்கோம், தெரியுமா?"

"போன வருஷம் எனக்கு ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி ரொம்பப் பயந்துட்டேன். இயேசு உன் கூடவே இருக்கார்னு அம்மா சொன்னாங்க. அப்புறம்தான் பயம் போச்சு. அவ்வளவு நல்ல விஷயத்தை நான் மட்டும் எப்படிக்கா வச்சுக்கிறது? ஒரு தடவை வாங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க."

அக்கா சிட்டுவோடு வந்தார். சர்ச் வாசலில் 'எல்லாரையும் கூப்பிடுங்கள்' என்று ஒரு போர்டு தொங்கியது. வாலு அவர்களை இரண்டாவது வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

பாட்டு முடிந்தது. போதகர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி.

"ஓ!" என்றான் சிட்டு.

முன்வரிசையில் இருந்த சபைப் பொறுப்பாளர் மாமா விருட்டென்று திரும்பினார். "உஷ்! பையனை வெளியில கூட்டிட்டுப் போங்க."

அக்காவின் முகம் சுருங்கியது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஓ!" என்றான் சிட்டு மறுபடியும்.

"ஆமென்!" என்று கத்தினாள் வாலு.

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன இது, விளையாட்டா?"

வாலு எழுந்து நின்றாள்.

"விளையாட்டு இல்ல மாமா. அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி அவன் ஜெபம் பண்றான். ஜெபம் பண்ணா ஆமென் சொல்லணும்ல? எல்லாரையும் கூப்பிடுங்கன்னு நீங்கதானே வாசல்ல போர்டு மாட்டுனீங்க? சத்தம் போடாதவங்க மட்டும்னு அதுல எழுதலையே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார். வாலு உட்காரவில்லை.

"இவங்க வெளியில போனா நானும் போறேன்."

"ஓ!" என்றான் சிட்டு, முன்னைவிடச் சத்தமாக.

"ஆமென்!" என்றார் போதகர், ஒலிபெருக்கியிலேயே.

பின்வரிசைப் பிள்ளைகள் இதற்குத்தான் காத்திருந்தார்கள் போல. அடுத்த "ஓ!"வுக்குக் கூரையே பிய்த்துக்கொண்டு போகும்படி "ஆமென்!" வந்தது. சிட்டு இரண்டு கைகளையும் தட்டிக் குதித்தான்.

மாமா மட்டும் ஆமென் சொல்லவில்லை. ஆனால் சிட்டு தாவி அவர் பக்கத்தில் போய் நின்றபோது, கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.

தையல்கார அக்கா கைப்பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.