கயிற்றுக்கு அந்தப் பக்கம்

அவள் இன்னும் கை வைக்கவே இல்லை. அதற்குள் தலையணையில் குழி விழுந்திருந்தது.

பரம்பரை வீடு ஊரின் வரலாற்று அருங்காட்சியகமான பிறகு, மாலையில் கூட்டம் கலைந்ததும் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் மாமியாரின் கட்டிலைத் தூசி தட்டுவதும், தலையணையை உதறி முஷ்டியால் ஒரு குழி அமுக்கி வைப்பதும் அவள் வேலை. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் இருக்க வேண்டுமாம், அதிகாரியின் ஆசை. எழுந்து எங்கே போனார்? மாமியார் அதிலேயே வருடக்கணக்கில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். அவரைக் குளிப்பாட்டி, கால் பிடித்துவிட்டு, திட்டு வாங்கியே இவளுடைய பாதி ஆயுள் போயிற்று. அப்போது சம்பளமில்லை, இப்போது உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று கடைசி நாள். மகள் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே போய் நிம்மதியாகத் தூங்க வேண்டும். வேறு ஆசையே அவளுக்கு இல்லை.

தலையணையை உதறினாள். துடைப்பத்தை எடுத்துத் திரும்புவதற்குள் மறுபடி குழி, தலை அளவுக்கு. தைலத்தின் நெடி மெல்லக் கிளம்பி, ஈரத்துணி வாடையோடு கலந்து, சாத்திய ஜன்னல்களுக்குள் கனத்தது. கட்டிலின் பழைய மரம், யாரோ புரண்டு படுக்கச் சிரமப்படுவதுபோல நீளமாக முனகியது. பயத்துக்கு முன்னால் அலுப்புதான் வந்தது.

"போதும் அத்தை," என்றாள். "என்னால முடியல. நான் போறேன். நீங்க வேற ஆள் பாத்துக்கோங்க."

முனகல் சட்டென்று நின்றது.

துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, பின்பக்க அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். வாசலில் மகளின் வண்டி நின்றது. மகள் இல்லை. கூடத்தில் அவளுடைய செருப்பு. ஒன்று இங்கே. ஒன்று அங்கே.

சாத்திய கதவு திறந்திருந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், கட்டில் விளிம்பில் மகள் உட்கார்ந்திருந்தாள். கைகள் போர்வைக்குள். எதையோ பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருடி. வா, போகலாம்."

"நீ போம்மா." மகளின் குரல் களைத்திருந்தது. வருடக்கணக்கில் களைத்த குரல். "போய்த் தூங்கு. நான் இருக்கேன்."

போர்வை அசைந்தது. மெலிந்த கால் ஒன்று வெளியே நீண்டு மகளின் மடியில் ஏறியது. பிறகு, சுகமாக, இன்னொன்று.